காலி டேங்க் என்று நான் எழுதிய வண்டி

கஸ்டமர் பொய் சொல்கிறார் என்று உங்களுக்குத் தோன்றும் நாள் சீக்கிரமே வரும். சர்வீஸ் அட்வைசர் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆவதற்குள் வந்துவிடும். அப்படித் தோன்ற ஆரம்பித்ததும், பரவாயில்லையே, நமக்குத் தொழில் பிடிபட்டுவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வரும். எனக்கு வந்தது. அந்தச் சந்தோஷம் என்ன செய்யும் என்பதைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

பதினாறு வருடம் மெக்கானிக், அப்புறம் பதினெட்டு வருடம் சர்வீஸ் அட்வைசர். கடைசி வருடங்கள் முழுவதும் பாண்டிச்சேரி உப்பளத்தில் ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கழிந்தன. சர்வீஸுக்கு வண்டியை விட வருகிறவரிடம் என்ன குறை என்று கேட்டு ஜாப் கார்டில் எழுதுவது, மெக்கானிக் கண்டுபிடித்ததை அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது, இவ்வளவுதான் நம் வேலை. பேனா பிடிக்கிற வேலைதானே, இதில் யாருக்கு என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள்.

நம் ஊர்க்காரர்களின் பெட்ரோல் பழக்கம் உங்களுக்கே தெரியும். இங்கே விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு. சென்னைக்குப் போகிறவர் டேங்கை ரொப்பிக்கொண்டு கிளம்புவார். திரும்பி வரும்போது வழியில் எத்தனை பங்க் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள் விளக்கு எரிந்தால் ஏசியை அணைப்பார். பிள்ளைகள் பின்சீட்டில் வியர்த்து வழிந்தாலும் எல்லையைத் தாண்டி நம் மண்ணில் வந்துதான் பெட்ரோல் போடுவார். இப்படி ஓட்டுகிறவர்களின் வண்டியில் எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் சீக்கிரம் போகும். சின்ன பெட்ரோல் கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் முங்கியிருக்கிறது. அந்தப் பெட்ரோல்தான் அதைச் சூடாகாமல் காப்பாற்றுகிறது. டேங்கை வற்றவிட்டால் பம்ப் காய்ந்துபோகும். இது அன்றைக்கும் உண்மை, இன்றைக்கும் உண்மை.

உண்மையாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று. பம்ப் போய் வந்த ஒவ்வொரு வண்டியிலும் நான் முதலில் பெட்ரோல் முள்ளைத்தான் பார்ப்பேன். காலி கோட்டில் நிற்கும். "ரிசர்வ்லயே ஓட்டினா பம்ப் என்னத்துக்கு ஆவறது" என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் கார்டை எடுப்பேன். வொர்க்ஷாப்பில் எனக்குப் பெயரே 'ரிசர்வ் சார்'. கேலிக்குத்தான் வைத்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ரெஜினா அம்மா வந்தது அப்படியொரு காலைநேரத்தில். நோணாங்குப்பத்தில் வீடு. அறுபதைத் தாண்டிய வயது. மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஒரே மகன் ஆல்பர் பாரிஸ் பக்கத்தில் வேலை பார்க்கிறான். வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய், வாரம் மூன்று நாள் டவுனில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். அதற்காகவே அந்த வயதில் டிரைவிங் பழகி ஒரு சின்ன கார் வாங்கியிருந்தார். அந்த வண்டி வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே துடித்துத் துடித்து நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகிறது என்றார்.

"எப்பவும் ரிசர்வ்லதான் ஓட்டுவீங்களாம்மா?"

"இல்ல சார். பாதிக்குக் கீழ எறங்க உடமாட்டேன். இவர வச்சிக்கினு நடுரோட்ல நிக்க முடியுமா?"

நான் முள்ளைக் காட்டினேன். அது காலி கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"அப்ப இது என்னாம்மா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சொல்லாமல் விட்டுவிட்டார். பிடிபட்டுவிட்டார் என்று நான் நினைத்தேன். வாரண்டியில் பம்பை மாற்றிக் கொடுத்து, இனிமேலாவது டேங்கை ரொப்பி ஓட்டுங்கள் என்று புத்தி சொல்லி அனுப்பினேன். "மெர்சி சார்" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஏழு மாதம் கழித்து அதே வண்டி, அதே குறை. முள்ளும் அதே காலி கோட்டில் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. புது பம்பையும் காய வைத்துவிட்டார், சொன்னால் கேட்கிற ஜென்மமா இது என்று. ஒரே வண்டிக்கு இரண்டாவது பம்ப் கேட்டால் கம்பெனியிலிருந்து என்னைத்தான் கேள்வி கேட்பார்கள், அந்த எரிச்சல் வேறு.

வண்டியைப் பார்த்தவர் சீனு. பாகூர் பக்கத்துக்காரர், நெல் அறுவடை நேரத்தில் மட்டும் லீவு கேட்கிற மனிதர். அதிகம் பேசமாட்டார். காலையில் பம்பின் அழுத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். சரியாகவே காட்டியது.

"சார், இது சூடானாத்தான் நிக்குதுன்னு அந்தம்மா சொல்றாங்க. வெயில்ல ஒரு அரைமணி நேரம் ஓட்டிப் பாத்துட்டு சொல்லட்டுமா?"

"முப்பது வண்டி நிக்குது சீனு. இதத் தூக்கினு நீ பீச்சுக்குப் போறியா? முள்ளப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன் சார்."

"அப்புறம் என்ன?"

சீனு பேசாமல் போய்விட்டார். நான் கார்டில் எழுதினேன்: 'குறை ஏதும் இல்லை. டேங்கைக் காலியாக வைத்து ஓட்டும் பழக்கம். அறிவுரை கூறப்பட்டது.' கீழே கையெழுத்துப் போட்டேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்தக் கையெழுத்து அழகாகவே விழுந்தது.

மூன்று வாரம் போயிற்று. அடுத்து நடந்ததை நான் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் காலையில் ரெஜினா அம்மாவின் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டியது. டயாலிசிஸுக்கு அடுத்த நாள்தான் முறை. உடம்பில் தண்ணீர் ஏறிவிட்டது என்று புரிந்து, அவரை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு உடனே கிளம்பியிருக்கிறார். அரியாங்குப்பம் பாலத்தின் மேல் வண்டி துடித்தது. நடுப்பாலத்தில் நின்றுவிட்டது. ஆபீஸ் நேரம், பின்னால் பஸ்ஸும் லாரியுமாக அடைத்துக்கொண்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். நின்ற காரே பாலத்தை அடைத்திருந்ததால் ஆம்புலன்ஸ் நெரிசலின் வாலில் மாட்டிக்கொண்டது. கடைசியில் எதிர்ப்பக்கம் வந்த ஒரு ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பி, அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். முக்கால் மணி நேரம் வீணாகப் போய்விட்டது. அவர் மறுநாள் மாலை இறந்துவிட்டார்.

ஆறாம் நாள் அந்த வண்டியை இறந்தவரின் தம்பி சவரி ஓட்டிக்கொண்டு வந்தார். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் செய்கிறவர். நடந்ததைச் சொன்னார். உடனே எட்டி முள்ளைப் பார்த்தேன். காலி கோட்டில் நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு மனிதர் செத்துப்போன செய்தியைக் கேட்டுக்கொண்டே நான் நிம்மதியடைந்தேன். இதை நான் இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

காலையில் சோதித்தால் இந்தத் தடவையும் பம்ப் சரியாகவே காட்டியது. கார்டில் பழைய வாசகத்தையே எழுதினேன்.

அன்று மத்தியானம் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் வந்தது. ஆல்பர் பேசினான். அப்பாவின் அடக்கத்துக்கு வந்தவன், இன்னும் ஊரில்தான் இருந்தான். அழுத குரல், ஆனால் மரியாதை குறையவில்லை.

"சார், வண்டி ஏன் நின்னுதுன்னு எனக்குத் தெரியணும். அம்மா ஒண்ணும் சொல்லமாட்டறாங்க."

நான் மூன்று கார்டையும் எதிரே எடுத்து வைத்துக்கொண்டேன். மூன்று தடவையும் முள் காலியில் இருந்தது, முதல் இரண்டு தடவையும் நான் எச்சரித்தேன் என்று தேதிவாரியாகச் சொன்னேன்.

"அவங்க அப்படித்தான் சார். லைட்டக்கூட போடமாட்டாங்க, எல்லாத்துலயும் மிச்சம் புடிப்பாங்க. ஆனா இதுலயுமா?"

"மனசத் தேத்திக்கோங்க தம்பி" என்று சொன்னேன். போனை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

பத்து மாதம் ஓடிப்போயிற்று. ஒரு நாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. குறிப்பிட்ட சில மாதங்களில் செய்த பம்புகளில் கோளாறு இருக்கிறது, அவை பொருத்தப்பட்ட வண்டிகளை வரவழைத்து இலவசமாக மாற்றிக் கொடுங்கள் என்று ஒரு நீண்ட பட்டியலோடு இருந்தது. பம்புக்குள் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலில் ஊறி உப்பிவிடுகிறது. சூடானால் இன்னும் உப்பி, சுற்ற இடமில்லாமல் உரசி நின்றுபோகிறது. ஆறினால் மறுபடியும் சுற்றும். டேங்கை ரொப்பி வைத்தாலும் அது நிற்கத்தான் நிற்கும்.

பட்டியலில் ரெஜினா அம்மாவின் வண்டி எண் இருந்தது. நான் மாற்றிக் கொடுத்த பம்பும் அதே கோளாறுள்ள சரக்குதான். கடிதத்தைச் சீனுவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த வாரமே சவரி வண்டியைக் கொண்டுவந்தார். நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "பாலத்துல நின்ன அன்னைக்கி வண்டியில எவ்ளோ பெட்ரோல் இருந்துது?"

"பாதிக்கு மேல இருந்துது சார். நல்லா கெவனம் இருக்கு. நாங்க பெட்ரோலே போடல. அந்த அஞ்சு நாளும் ஆஸ்பத்திரி, சர்ச்சு, கல்லறைன்னு அதுலயேதான் ஓடினோம். ஆல்பர திண்டிவனத்துல போயி கூட்டியாந்ததுகூட அதுலதான்."

"அப்புறம் இங்க வரப்ப காலியா இருந்துதே?"

அவருக்குச் சங்கடமாகப் போயிற்று. தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். சர்வீஸுக்கு உடறதுன்னா அண்ணி டேங்க காலி பண்ணித்தான் உடச் சொல்லுவாங்க. ரொப்பி உட்டா வொர்க்ஷாப்புல உருவிடுவாங்கன்னு ஊரே சொல்லுதே. நீங்க கேட்டப்பகூட உங்க மூஞ்சிக்கி நேரா அத எப்படிச் சொல்றதுன்னு சும்மா இருந்துட்டாங்களாம்."

ஊர் சொல்வது பொய் இல்லை. மெக்கானிக்காக இருந்த காலத்தில் நானே எடுத்திருக்கிறேன். பாகங்களைக் கழுவ என்று எடுத்து, மிச்சத்தை என் பைக்கில் ஊற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். எங்களுக்குப் பயந்து ஜனங்கள் டேங்கை வற்றவைத்துக் கொண்டுவந்தார்கள். வற்றிய டேங்கைப் பார்த்து, இவர்கள் எப்போதும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்று பதினெட்டு வருடம் நான் எழுதினேன். பம்ப் போன வண்டி மட்டுமல்ல, ஆயில் மாற்ற வந்த வண்டியும் காலி முள்ளோடுதான் நின்றது. அதை நான் ஒரு நாளும் கவனிக்கவில்லை. ஐந்து நாள் ஓடிய வண்டி பாலத்தில் எப்படிப் பெட்ரோல் இல்லாமல் நின்றிருக்கும் என்று ஒரே ஒரு கேள்வியைச் சவரியிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதில்தான் என் சட்டைப் பையிலேயே தயாராக இருந்ததே.

போகும்போது சவரி இன்னொன்றும் சொன்னார். "ஆல்பர் அண்ணிகூட பேசறதே இல்ல சார். காலி டேங்கோட கூட்டிப் போயி அப்பாவக் கொன்னுட்டாங்கன்னு நெனைக்கறான். போன் பண்ணா எடுக்கமாட்டறான். எங்களுக்குத் தெரிஞ்சத சொன்னோம். டேங்க் காலின்னு கம்பெனிக்காரரே சொல்லிட்டாரு, அம்மாவக் காப்பாத்த நீங்கதான் பொய் சொல்றீங்கன்னுட்டான்."

அந்தக் கம்பெனிக்காரர் நான்தான் என்று சவரிக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தும் மரியாதைக்காக அப்படிச் சொல்லியிருக்கலாம்.

மேனேஜரிடம் போனேன். அந்த மகனுக்குப் போன் செய்து உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் கதவைச் சாத்தினார்.

"பட்டியல்ல இருக்கற எல்லாருக்கும் சொல்ற மாதிரி, பம்ப் மாத்தித் தரோம்னு மட்டும் சொல்லுங்க. பழைய கதைய எடுக்காதீங்க. கார்டுல இருக்கறது யார் கையெழுத்து?"

"என்னுதுதான்."

"ரிட்டயர்மென்ட்டுக்கு எவ்ளோ நாள் இருக்குது?"

"ரெண்டு மாசம்."

"அப்பறம் என்ன சார்?"

முன்னொரு நாள் நான் சீனுவிடம் கேட்ட அதே தோரணையில் கேட்டார். நானும் சீனு மாதிரியே பேசாமல் வெளியே வந்தேன். ஆனால் அன்றைக்குச் சீனுவுக்கு உண்மை தெரியாது, அந்த நியாயம் எனக்கு இல்லை. எனக்கு இருந்தது பயம் மட்டும்தான். கேஸ் என்று ஆகிவிட்டால், கோர்ட்டில் என் கார்டைத் தூக்கிக் காட்டினால், கடைசி நேரத்தில் பெயர் கெட்டுப்போனால் என்று இரண்டு மாதம் இதையே மென்றுகொண்டிருந்தேன். வேலையை விட்டு வெளியே வந்ததும் முதல் காரியமாகச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தம்மாவும் மகனும்தான் வருடக்கணக்கில் இருக்கப் போகிறவர்களாயிற்றே, இரண்டு மாதத்தில் என்ன கெட்டுவிடும் என்று கணக்குப் போட்டேன்.

என்னை வழியனுப்ப ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். சால்வை போட்டார்கள். முப்பத்துநாலு வருடத்தில் ஒரு கம்ப்ளைன்ட் வராத மனிதர் என்று மேனேஜர் மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். சீனுவும் தட்டினார், ஆனால் என் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் காலை உட்கார்ந்திருந்து, பாரிஸில் விடிந்திருக்கும் என்று தெரிந்ததும் ஆல்பருக்குப் போன் செய்தேன். நம்பர் சவரி கொடுத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பம்ப், கம்பெனிக் கடிதம், பாதி டேங்க், ஏன் முள் காலியில் இருந்தது, சீனு கேட்டதை நான் தடுத்தது, ஒன்றையும் விடவில்லை. குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ரெண்டு மாசம் ஆவுது தம்பி."

"நான் போன வாரம் பாண்டியிலதான் சார் இருந்தேன். அப்பாவோட வருஷப் பூசைக்கி வந்தேன். சர்ச்சுல அம்மா முன்னாடி பெஞ்சியில ஒக்காந்திருந்தாங்க, நான் கடைசி பெஞ்சியில. பூசை முடிஞ்சி வீட்டுல சாப்பாடு போட்டாங்க. நான் போவல. வாசல் வரைக்கும் வந்து கூப்ட்டாங்க. நான் பாக்காத மாதிரி கார்ல ஏறிட்டேன்."

அவன் போனை வைத்துவிட்டான்.

தம்பிகளா, தங்கைகளா, தப்பு செய்யாத அட்வைசர் இல்லை. வண்டியை ஓட்டிப் பார்க்காமல் எழுதியது தப்பு. ஆனால் தெரிந்த பிறகும் அந்த இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தது தப்பு என்ற வார்த்தைக்குள் அடங்காது. அதை நான் நன்றாக யோசித்து, நிதானமாகச் செய்தேன். உங்கள் மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினால், வெளியே வந்ததும் அந்த நிமிஷமே போனை எடுங்கள். பத்து நிமிஷம் யோசித்தால் ஆயிரம் காரணம் கிடைக்கும், எல்லாமே நம் சௌகரியத்துக்கான காரணமாக இருக்கும்.

இரண்டு நாள் கழித்து நோணாங்குப்பத்துக்குப் போனேன். ரெஜினா அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு உள்ளே உட்காரச் சொன்னார். ஆள் பாதியாகியிருந்தார். வண்டியை விற்றுவிட்டாராம்.

"ஆல்பர் பேசினான் சார். ரொம்ப அழுதான். லீவு கெடைச்சதும் வரேன்னான்."

"நல்லதும்மா. நான் தப்பு பண்ணிட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. வண்டி நின்னதுக்குக் காரணம் பம்புதான். அன்னைக்கி டேங்க்ல பாதிக்கு மேல பெட்ரோல் இருந்திருக்கு."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"நெசமாத்தான் சொல்றீங்களா சார்? இல்ல, எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீங்களா?"

"நெசம்தாம்மா. சவரியக் கேளுங்க."

"அவன் எனக்காக எதையும் சொல்லுவான் சார். அன்னைக்கி காலைல முள்ளு எங்க இருந்துதுன்னு ஒரு வருஷமா நெனச்சி நெனச்சிப் பாக்கறேன். மொதல்ல பாதியில இருந்த மாதிரிதான் தோணுச்சு. எல்லாரும் சொல்லச் சொல்ல, இப்ப கண்ண மூடுனா காலியிலதான் தெரியுது. பாத்துட்டு, பரவாயில்ல, போய்டலாம்னு நானே கெளம்பின மாதிரி இருக்கு."

கம்பெனிக் கடிதத்தின் நகலை எடுத்துக் கொடுத்தேன். அவருடைய வண்டி எண்ணுக்குக் கீழே கோடு போட்டிருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

"இதுல எந்தச் சந்தேகமும் இல்லம்மா. நான் உறுதியாச் சொல்றேன்" என்றேன்.

"அன்னைக்கும் இப்படித்தான் சார் உறுதியா சொன்னீங்க."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. யாரை நம்புவது என்று தெரியாமல்தான் அப்படிச் சொன்னார். கடிதத்தை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, காபி போட எழுந்து போனார்.